டமாஸ்கஸ், ஹத்தாத் வீதி, 7ஆம் இலக்கம்: அந்தக் கோப்பைத் திறவுங்கள்

சிரியாவின் காணாமல் போனோருக்கான தேசிய ஆணையத்துக்கும், நிலைமாறுகால நீதிக்கான தேசிய ஆணையத்துக்கும்,

வணக்கம்.

நான் ஈழத் தமிழன். பரிசுக்கு வடக்கே, லா கூர்நெவ்வில் இருக்கிறேன். வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். மனதில் இருப்பதை முழுதாகச் சொல்ல எனக்கு வேறு மொழி வாய்க்கவில்லை. அரபியிலும் பிரெஞ்சிலும் மாற்றித் தருவதாக நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். அலோய்ஸ் புரூனர் என்ற நாஜி அதிகாரியைப் பற்றி உங்கள் நாட்டு உளவுத்துறை வைத்திருந்த கோப்பு எந்த அலுமாரியில் கிடந்தாலும், அதை எடுத்து வெளியே வையுங்கள்.

இதில் உனக்கு என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

வதிவிட அட்டை அலுவலாக பொபினிக்குப் போகாத தமிழர் எங்கள் பக்கத்தில் இல்லை. எல்லாக் கடதாசியையும் ஒரு பைலில் அடுக்கி, அந்தப் பைல் மழையில் நனையாமல் ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போவோம். பிறந்த சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, வீட்டு வாடகைச் சீட்டு, கரண்ட் பில். ஒரு கடதாசி குறைந்தாலும் மனம் பதறும். அதே பொபினியில், டிராம் போகும் வழிக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய ரயில் நிலையம் இருக்கிறது. அது என்ன இடம் என்று எனக்குப் பல வருடம் தெரியாது. 1943 ஜூலை முதல் 1944 ஓகஸ்ட் வரை அங்கிருந்து 21 ரயில்கள் புறப்பட்டன. இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைச் சாமான் பெட்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். அநேகமாக எல்லா ரயில்களும் போய்ச் சேர்ந்த இடம் போலந்திலிருந்த நாஜிக் கொலை முகாமான ஔஷ்விட்ஸ்.

அந்தச் சனத்தை ஏற்றுவதற்கு முன்னர் அடைத்து வைத்திருந்தது பக்கத்து ஊரான டிரான்சியில். அதுவும் எனக்குத் தெரிந்த இடம்தான். வந்த புதிதில் ஒரு தளபாடக் கடையில் சாமான் இறக்கும் வேலை செய்தேன். ஒரு நாள் அலுமாரி ஒன்றை அங்கே மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. நாலு மாடிக் கட்டடம், நீளமாக, எங்கள் 'ப' எழுத்தை எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வடிவம். நடுவில் முற்றம். முற்றத்து வாயிலில் பழைய ரயில் பெட்டி ஒன்றைத் தண்டவாளத்தோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். சண்டைக் காலத்தில் யூதர்களை இங்கேதான் வைத்திருந்தார்கள் என்றார், அலுமாரியை எந்தச் சுவரோடு வைக்க வேண்டும் என்று கையால் காட்டியபடி. அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அன்றைக்கு அலுமாரியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சுவர் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

1943 கோடையில் அந்த முகாமுக்குப் பொறுப்பாக வந்தவன் புரூனர். ஒஸ்திரியாக்காரன், 1912இல் பிறந்தவன், அப்போது வயது முப்பத்தொன்று. அதுவரை முகாமை உள்ளே நடத்தியது பிரெஞ்சுப் பொலிஸ். அவர்களை வெளிக்காவலோடு நிறுத்திவிட்டு, தன்னோடு கூட்டி வந்த ஒரு சில எஸ்.எஸ். (நாஜிகளின் தனிப்படை) ஆட்களை வைத்தே உள்ளே எல்லாவற்றையும் நடத்தினான். இத்தனை பேரை அடக்கி வைக்க ஒரு சிலர் எப்படிப் போதும் என்று எனக்குப் புரியவில்லை. வாசித்தபோது வயிற்றைப் பிரட்டியது. கைதிகளைக் கொண்டே கைதிகளைப் பிடித்தான். ஒருவரைக் கூப்பிட்டு, உன் குடும்பம் எங்கே ஒளிந்திருக்கிறது, நீயே போய் அவர்களைக் கூட்டி வா, நீ திரும்பி வராவிட்டால் உள்ளே இருக்கும் உன் ஆட்கள் அடுத்த ரயிலில் போவார்கள் என்பான். அப்படி வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு முகாமில் வைத்த பெயர் 'மிஷனரிகள்'. தன் பெண்சாதி பிள்ளைகளின் வாசலில் போய் நின்று கதவைத் தட்டிய அந்த மனிதனின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். என்னால் முழுதாக நினைக்க முடியவில்லை.

இன்னொன்று, ரசீது. முகாமுக்குள் வருபவரைச் சோதனை போட்டு, கையில் இருக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு, துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பெயர், கடைசியாக இருந்த விலாசம், தொகை. போகிற இடத்தில் போலந்துப் பணமாகத் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வைத்தார்கள். அந்தச் சோதனைப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் இன்றும் பரிசில், யூதப் படுகொலைக்கான ஷோஆ நினைவகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பக்கத்தின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து அவ்வளவு ஒழுங்கு. பலசரக்குக் கடைக் கணக்குப் போல சதம் வரைக்கும் எழுதியிருந்தது.

கைதிகள் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1943 இலையுதிர் காலத்தில் முகாமுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். இரவும் பகலும் முறை வைத்து, முப்பது மீற்றருக்கு மேல் போய்விட்டார்கள். வெளியே வர இன்னும் சில அடிகள்தான். நொவெம்பரில் பிடிபட்டது. தோண்டியவர்களை அந்த மாதமே ரயிலில் ஏற்றினான். அவர்களில் சிலர் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துத் தப்பினார்கள். எங்கள் ஊர்க் கதை மாதிரி இருக்கிறது என்று அதை வாசித்த இரவு என் மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

ஆனால் குழந்தைகள் குதிக்க முடியாது.

1944 ஏப்ரலில் இசியூ என்ற மலைக்கிராமத்து விடுதியில் 44 யூதப் பிள்ளைகளைப் பிடித்தவன் லியோனில் இருந்த நாஜி இரகசியப் பொலிஸ் அதிகாரி கிளவுஸ் பார்பி. அந்தப் பிள்ளைகள் வந்து சேர்ந்தது டிரான்சிக்கு. ஒரு வாரத்துக்குள் அநேகம் பேரை ஔஷ்விட்சுக்கு ஏற்றிவிட்டவன் புரூனர். பின்னாளில் பிரான்சின் அமைச்சராக இருந்த சிமோன் வெய்லும் பதினாறு வயதுப் பிள்ளையாக அதே ஏப்ரல் 13ஆம் திகதி ரயிலில் போனவர்தான்.

ஜூலை வந்தது. நேச நாட்டுப் படைகள் நோர்மண்டியில் இறங்கி ஏழு வாரம் ஆகிவிட்டது. போர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். புரூனருக்கும் தெரியும். தெரிந்துதான் அவசரப்பட்டான். பரிசைச் சுற்றி யூத அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிகள் இருந்தன. தாய் தகப்பனை முந்தைய ரயில்களில் அனுப்பிவிட்ட பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். ஜூலை கடைசியில் விடுதி விடுதியாகப் போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜூலை 31இல் பொபினியிலிருந்து புறப்பட்ட ரயிலில் சுமார் 1,300 பேர். அதில் முந்நூறுக்கு மேல் பிள்ளைகள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத கைக்குழந்தையும் இருந்தது. இருபத்தைந்தே நாளில், ஓகஸ்ட் 25இல், பரிஸ் விடுதலையானது. அந்த இருபத்தைந்து நாளை நான் எத்தனையோ தரம் விரலில் எண்ணியிருக்கிறேன். ஓகஸ்ட் 17இல் புரூனர் தப்பி ஓடியபோதும் வெறுங்கையோடு போகவில்லை. கடைசி ரயிலில் 51 கைதிகளைக் கூட்டிக்கொண்டுதான் போனான்.

டிரான்சி எனக்குப் பக்கத்து ஊர், அதனால் அங்கே நின்றுவிட்டேன். அவன் கை வைத்தது இங்கே மட்டும் அல்ல. முதலில் வியன்னா. யூதர்களை நாடுகடத்தும் வேலையை நடத்திய ஐக்மனின் கீழே தொழில் பழகி, அவனுடைய கதிரையிலேயே உட்கார்ந்து சுமார் 47,000 பேரை அனுப்பினான். 1942 பெப்ரவரியில் ரீகா நோக்கிப் போன ரயிலில், சீக்முண்ட் போசல் என்ற வங்கியாளரைச் சங்கிலியில் கட்டி வைத்துத் தன் கையாலேயே சுட்டுக் கொன்றான். அடுத்து, 1943 பெப்ரவரியில் கிரேக்கத்தின் சலோனிகா. நூற்றாண்டுகளாக லடினோ என்ற யூத ஸ்பானிய மொழி பேசி, துறைமுகத்தில் மூட்டை சுமந்து, கடை வைத்து வாழ்ந்த சனம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றை வேலி போட்டு அடைத்து, மார்ச் 15இல் முதல் ரயிலை அனுப்பினான். சில மாதங்களில் நாற்பதாயிரத்துக்கு மேல். நகரமே வெறிச்சோடிவிட்டது. அங்கே வேலை முடிந்தது என்றுதான் பிரான்சுக்கு வந்தான். பிரான்சை விட்டு ஓடியும் நிற்கவில்லை, சிலோவாக்கியாவில் செரெட் முகாம், 1945 மார்ச் வரை. எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேல் போகிறது.

நீஸ் நகரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வரப்போகும் கதைக்கு அது வேர். தெற்குக் கடற்கரையான அந்தப் பக்கம் 1943 செப்டெம்பர் வரை இத்தாலியப் படையிடம் இருந்தது. இத்தாலியர் யூதர்களைப் பிடித்துக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் அங்கே ஓடி ஒளிந்திருந்தார்கள். இத்தாலி சரணடைந்த கையோடு புரூனர் போய் இறங்கினான். ரயில் நிலையத்துக்குக் கிட்ட எக்செல்சியோர் என்ற ஹொட்டேலை எடுத்துக்கொண்டு இரவு பகல் பாராமல் வேட்டையாடினான். வீதியில் ஆண்களை நிறுத்தி, காற்சட்டையைக் கழற்றச் சொல்லி, சுன்னத்துச் செய்திருக்கிறதா என்று பார்த்தார்கள். காட்டிக்கொடுத்தவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. செப்டெம்பர் 30 இரவு ஒரு வீட்டில் அலுமாரிக்குள் பொய்ச் சுவர் வைத்து ஒரு தாயும் மகளும் எட்டு வயது மகனும் ஒளிந்திருந்தார்கள். தகப்பன் வெளியே நின்று தன்னைக் கொடுத்தார். தேடி வந்தவன் அலுமாரியைத் திறந்து, தொங்கிய உடுப்புகளை விலக்கிப் பார்த்தான். பலகையைத் தட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தகப்பன் ஆர்னோ கிளார்ஸ்பெல்ட் டிரான்சி வழியாக ஔஷ்விட்சுக்குப் போய் அங்கேயே செத்தார். மூச்சை அடக்கிக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன் செர்ஜ் கிளார்ஸ்பெல்ட் வளர்ந்து சட்டத்தரணியாகி, மனைவி பெயாத்தோடு சேர்ந்து, புரூனரைத் தேடிப் பல பத்து வருடங்கள் உங்கள் நாட்டின் கதவைத் தட்டினார்.

அந்தக் கதவு திறக்கவே இல்லை. ஆணையத்தினரே, என் மடலின் விஷயம் இனித்தான்.

போர் முடிந்தபோது அன்ரன் புரூனர் என்று இன்னொரு எஸ்.எஸ். ஆள் பிடிபட்டான். அவனும் வியன்னாவில் இதே வேலை செய்தவன். 1946இல் தூக்கிலிட்டார்கள். பெயர்க் குழப்பம் அலோய்ஸ் புரூனரைக் காப்பாற்றியது. பொய்ப் பெயரில் ஜேர்மனியில் அமெரிக்க இராணுவத்துக்கு லொறி ஓட்டினான், எஸ்ஸென் பக்கம் சுரங்கத்தில் வேலை செய்தான். 1954இல் பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஆள் இல்லாமலே மரண தண்டனை விதித்தன. அதே வருடம் அவன் செஞ்சிலுவைச் சங்கத்தின் போலிப் பயணப் பத்திரத்தோடு ரோம் வழியாக எகிப்துக்குப் போய், அங்கிருந்து டமாஸ்கசில் வந்து இறங்கினான். பெயர் டாக்டர் கேயோர்க் பிஷர். அகதியாக வந்து ஒவ்வொரு கடதாசிக்கும் நெஞ்சிடித்த எனக்கு இந்த இடம் தாங்கவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்களை அனுப்பியவனுக்கு ஒரு பொய்க் கடதாசி போதுமாக இருந்திருக்கிறது.

டமாஸ்கசில் அவன் இருந்தது ஒன்றும் பரம இரகசியம் அல்ல. ஹத்தாத் வீதி, 7ஆம் இலக்கம் என்று விலாசமே வெளியில் வந்துவிட்டது. 1961இல் அவனுக்கு வந்த கடிதக் குண்டு வெடித்து ஒரு கண் போனது. 1980இல் இன்னொன்று, இடது கை விரல்கள் போயின. 1985இல் ஜேர்மன் சஞ்சிகை ஒன்று அவனைப் படம் எடுத்துப் பேட்டியே போட்டது. 1987இல் சிக்காகோப் பத்திரிகை ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசினான். செய்ததில் தனக்கு வருத்தம் இல்லை, திரும்பவும் வாய்ப்பு வந்தால் செய்வேன் என்றான். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரனுக்குக் கிடைத்த மனிதன் உங்கள் அரசாங்கத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. பிரான்ஸ் கேட்டது, ஜேர்மனி கேட்டது, ஒஸ்திரியா கேட்டது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற ஒரே பதில். செர்ஜ் கிளார்ஸ்பெல்ட் 1982இல் நேரே டமாஸ்கசுக்குப் போனார். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவனைக் காத்தது உங்கள் பழைய அரசு மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஜேர்மன் உளவுத்துறை அவனைப் பற்றி வைத்திருந்த சுமார் 580 பக்கங்களை 1990களில் அழித்துவிட்டது என்ற விஷயம் 2011இல் வெளியே வந்தது. அந்தப் பக்கங்கள் இனி இல்லை. அதனால்தான் உங்களிடம் இருப்பது இவ்வளவு பெறுமதியாகிறது.

2001 மார்ச்சில் பரிஸ் நீதிமன்றம், 1944இல் விடுதிகளிலிருந்து அள்ளிய அந்தப் பிள்ளைகளுக்காக, ஆள் இல்லாமலே அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பிரதிவாதியின் இடம் வெறுமையாக இருந்தது. அவன் எப்போது செத்தான்? 2014இல் நாஜிகளைத் தேடும் சைமன் வீசந்தால் மையம் 2010 அளவில் செத்திருப்பான் என்றது. 2017இல் ஒரு பிரெஞ்சுச் சஞ்சிகை, அவனைக் காவல் காத்த சிரியர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தது. அவர்கள் சொன்னதன்படி அவன் செத்தது 2001 டிசெம்பரில். கடைசி வருடங்களில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் பூட்டி வைத்திருந்தார்களாம். சாப்பாட்டுக்கு ஒரு முட்டை, அல்லது ஓர் உருளைக்கிழங்கு, இரண்டில் ஒன்றை அவனே தெரிவு செய்ய வேண்டுமாம். அழுவானாம், எல்லோருக்கும் கேட்குமாம். இரவோடு இரவாக, இஸ்லாமிய முறைப்படி நீராட்டி, அல் அபீப் மயானத்தில் அடக்கினார்களாம்.

இதை வாசித்த சிலர், நல்லா வேணும், அவனுக்குத் தண்டனை கிடைத்துவிட்டதே என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயன் தீர்ந்த ஒருவனை வைத்திருக்கவும் முடியாமல் வெளியே விடவும் முடியாமல் ஒரு சர்வாதிகாரி நிலவறையில் பூட்டினால் அது தண்டனை அல்ல, ஒளிப்பு. தண்டனை என்றால் அலுமாரிக்குள் ஒளிந்திருந்த அந்தப் பையன் எழுந்து நின்று அவன் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். பார்பிக்கு அது நடந்தது. பொலிவியாவில் ஒளிந்திருந்தவனை 1983இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தார்கள். 1987இல் லியோன் நீதிமன்றத்தில் இசியூப் பிள்ளைகளின் தாய்மார் சாட்சி சொன்னார்கள். புரூனருக்கு அது நடக்கவில்லை. நடக்கவிடாமல் செய்த ஒவ்வொரு கையொப்பமும் உங்கள் ஊர்க் கோப்பில் இருக்கிறது.

நீங்கள் யாரென்று நான் அறிவேன். 2024 டிசெம்பர் 8இல் அசாத் மொஸ்கோவுக்கு ஓடிய அன்று இரவு நானும் தூங்கவில்லை. செய்ட்னாயா சிறையின் தரையில் சிதறிக் கிடந்த கடதாசிகளை சனம் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெயர் பார்த்தது. ஒரு தாய் பதிவேட்டை மடியில் வைத்து விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போனாள். அந்த விரலை எனக்குத் தெரியும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் வீதியோரத்தில் பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு இருக்கிற எங்கள் அம்மாக்களின் விரலும் அதுதான். என் சின்னம்மா அவர்களில் ஒருத்தி. ஆகவே உங்கள் பிள்ளைகளைத் தேடுவதை நிறுத்திவிட்டு இவனைத் தேடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்களைத் தேடுகிறீர்கள். அவர்கள்தான் முதல்.

நான் கேட்பது, அந்தத் தேடலில் இவனுடைய கடதாசியும் கையில் அகப்படும், அப்போது அதை ஒதுக்கி எறிந்துவிடாதீர்கள் என்பது. அவனை ஒளித்து வைத்ததும் உங்கள் பிள்ளைகளை ஒளித்து வைத்ததும் ஒரே திணைக்களம். ஒரே விதமான கோப்பு, ஒரே விதமான பொய்ப் பதில். 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று பிரெஞ்சு நீதிபதிக்கு எழுதிய கை, 'உங்கள் மகன் இங்கே இல்லை' என்று ஹோம்ஸ் நகரத்துத் தகப்பனுக்கும் சொல்லியது. உங்கள் சிறைகளில் 'ஜேர்மன் கதிரை' என்று ஒரு வதைக் கருவி இருந்தது. ஆளைக் கட்டி, முதுகெலும்பு நொறுங்கும் வரை பின்னால் வளைக்கும் இரும்புக் கதிரை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? புரூனர் கற்றுக்கொடுத்தது என்று சிலர் சொல்கிறார்கள், கிழக்கு ஜேர்மனியிலிருந்து வந்தது என்று வேறு சிலர். அதில் முதுகு முறிந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை கேட்கும் உரிமை எல்லோருக்கும் முன்னால் இருக்கிறது. உளவுத்துறைக்கு அவன் என்ன ஆலோசனை சொன்னான், எத்தனை வருடம் சம்பளம் வாங்கினான் என்பது சிரியாவின் வரலாறு. ஐரோப்பாவின் பழைய கணக்கு என்று அதைத் தள்ளி வைக்க முடியாது.

கொப்லென்சை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டமாஸ்கசில் உளவுத்துறையின் அல் கத்தீப் கிளையில் விசாரணைப் பொறுப்பில் இருந்த அன்வர் ரஸ்லான் ஜேர்மனியில் அகதியாக வந்து இருந்தான். வதைபட்ட சிரியர்களே அவனை அடையாளம் காட்டினார்கள். 2022 ஜனவரி 13இல் கொப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. உங்கள் மனிதர்களைக் கொன்றவனுக்கு ஒரு ஜேர்மன் நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. ஐரோப்பியர்களைக் கொன்றவனுக்கு டமாஸ்கஸ் வீடு கொடுத்திருந்தது. இன்றைக்கு உங்கள் நாட்டின் கொலையாளியை ரஷ்யா வைத்திருக்கிறது. அவனைக் கொடு என்று நீங்கள் கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். அடைக்கலம் கொடுத்த நாடு வாய் திறக்காமல் இருந்தால் நெஞ்சு எப்படி எரியும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சலோனிகாக்காரரின் பேரப்பிள்ளைகள் அதே எரிச்சலோடு எழுபது வருடமாக டமாஸ்கசைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது இஸ்ரேலுக்குச் செய்யும் சேவகம் என்று உங்கள் நாட்டில் சிலர் சொல்லக்கூடும். உங்கள் மண்ணில் விழுகிற குண்டுகளும் இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் கோலான் குன்றுகளும் உங்களுக்கு என்ன வலி என்று எனக்கு விளங்குகிறது. அந்த வலியைச் சிறிதாக்க மாட்டேன். ஆனால் பொபினியில் ரயிலேறிய பிள்ளைகள் பிரெஞ்சுப் பிள்ளைகள், போலந்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். சலோனிகாவின் மூட்டைக்காரர்கள் கிரேக்கர்கள். அவர்கள் சாம்பலானபோது இஸ்ரேல் என்ற நாடே இல்லை. அவர்கள் யாருடைய நிலத்தையும் எடுக்கவில்லை. அவர்களைக் கொன்றவனை மறைத்ததால் ஒரு பலஸ்தீனனுக்காவது ஒரு பிடி மண் திரும்பக் கிடைத்ததா? அசாத் குடும்பத்துக்கு ஒரு காவல் நாய் கிடைத்தது, அவ்வளவுதான்.

செத்தவனைத் தோண்டி என்ன லாபம் என்றும் கேட்பார்கள். ஔஷ்விட்சில் மருத்துவனாக இருந்த மெங்கலே பிரேசிலில் வேறொருவன் பெயரில் புதைக்கப்பட்டிருந்தான். 1985இல் தோண்டி எடுத்தார்கள், 1992இல் மரபணுச் சோதனை அவன்தான் என்று உறுதி செய்தது. அத்தோடு அவனைக் கண்டேன், இவனைக் கண்டேன் என்ற கதைகள் நின்றன. எலும்பு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. மௌத்ஹவுசென் என்ற நாஜி முகாமின் மருத்துவனாக இருந்த அரிபேர்ட் ஹைம் கெய்ரோவில் தாரிக் ஹுசைன் பரீத் என்ற பெயரில் ஒளிந்திருந்து 1992இல் செத்தது, ஒரு பழைய தோல் பெட்டியிலிருந்த கடதாசிகளால் 2009இல் தெரியவந்தது. அந்தக் கடதாசிகளின் பலத்தில்தான் 2012இல் ஜேர்மன் நீதிமன்றம் வழக்கை மூடியது. அர்ஜென்டினா தன்னிடம் ஒளிந்திருந்த நாஜிகளைப் பற்றிய ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆவணங்களை 2025இல் இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டது. அவமானம் என்று நினைத்தால் அவர்களும் பூட்டி வைத்திருக்கலாம்.

உங்களுக்கு அது அவமானமே இல்லை. அந்தக் கோப்பை எழுதியவர்கள்தான் உங்களையும் சிறையில் போட்டவர்கள்.

கேட்பதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கோப்பு கிடைத்தால் முழுதாகப் படம் எடுத்து வெளியிடுங்கள். அவனை உள்ளே விட்டவர், வீட்டுக்குக் கையொப்பம் வைத்தவர், பிரான்சுக்குப் பொய்ப் பதில் எழுதியவர், எல்லோருடைய பெயரும் தெரிய வேண்டும். அல் அபீப் மயானத்தின் 2001ஆம் வருடப் பதிவேட்டைப் பாதுகாப்பாக எடுத்து வையுங்கள். காவல் நின்றவர்கள் இன்னும் உயிரோடு இருந்தால், பயமில்லாமல் வந்து சொல்ல ஒரு வழி செய்யுங்கள். அவர்களுக்கும் வயது போகிறது. கிளார்ஸ்பெல்ட் தம்பதியருக்குத் தொண்ணூறை எட்டுகிறது. பொபினியிலிருந்து போய்த் திரும்பி வந்தவர்களில் இன்று இருப்பவர்கள் ஒரு சிலர். அவர்கள் கண் மூடுவதற்கு முன் அந்தத் தாளை அவர்கள் கையில் கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

தேடும்போது அலோய்ஸ் புரூனர் என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பெயரில் அநேகமாக ஒன்றும் இருக்காது. கேயோர்க் பிஷர் என்றும் பாருங்கள், அரபியில் ஜோர்ஜ் என்று எழுதியிருப்பார்கள். காவலர்கள் அவனைக் கூப்பிட்டது அபு ஹுசைன் என்று. பிறந்த திகதி 1912 ஏப்ரல் 8. இடது கையில் விரல்கள் இல்லை, ஒரு கண் இல்லை. ஹத்தாத் வீதி வீட்டின் வாடகைக் கணக்கு வேறு திணைக்களத்தில் இருந்தாலும் இருக்கலாம், அதையும் ஒருக்கால் பாருங்கள்.

இப்படிக்கு,
லா கூர்நெவ்விலிருந்து ஒரு ஈழத் தமிழன்